அரைப் பேர்

 

ஜூன் மாதத்தில் ஒரு மழை இரவு. மின்சாரம் நின்றுவிட்டது. மெழுகுதிரி தேடி மேசை லாச்சியைக் கிளறியபோது, ஹட்டனில் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் வருடத் தொடக்கத்தில் அன்பளிப்பாகத் தந்த டயரி கையில் அகப்பட்டது. வெளிச்சம் வந்த பிறகு முதல் பக்கத்தைப் புரட்டினேன். என்னுடைய கையெழுத்தில், இலக்கமிட்டு, 11 காரியங்கள். கீழே ‘இன்ஷா அல்லாஹ்’ என்று இரண்டு தடவை எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

தஹஜ்ஜுத்தை விடுவதில்லை. ஸுபஹுக்குப் பின் தூங்குவதில்லை. வாங்கி வைத்த தப்ஸீரை வருடம் முடிவதற்குள் வாசித்து முடிப்பது. மூத்த மாணவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு. தம்பியிடம் வாங்கிய கடனில் பாதியையாவது அடைப்பது. தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதில்லை. இப்படியே போகிறது பட்டியல். ஜனவரி முழுவதும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒழுங்காகச் ‘சரி’ அடையாளம் இருக்கிறது. பெப்ரவரி நடுவில் அது ஒன்று விட்ட ஒரு நாளாகிறது. பிறகு வெறும் பக்கங்கள். மார்ச்சில் ஓரிடத்தில் பால்மாவின் விலையும், மே மாதத்தில் ஓரிடத்தில் மின்கட்டணத் தொகையும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவ்வளவுதான் அந்த டயரியின் சரித்திரம்.

பட்டியலில் முதலாவதாக இருந்ததை மேலே சொல்லாமல் விட்டேன். வெட்கம்தான் காரணம். அரபுக் கல்லூரியில் நான் முதலில் சேர்ந்தது ஹிப்ளுப் பிரிவில். அம்ம ஜுஸ்உவும், தொடக்கத்திலிருந்து 11 ஜுஸ்உவுமாக மொத்தம் 12 மனனமாயின. அதன் பின் ஷரீஆப் பிரிவுக்கு மாறிவிட்டேன். பட்டம், ஆசிரியர் நியமனம், கல்யாணம், பிள்ளைகள் என்று 20 வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த 12இல் இன்று தடங்கலில்லாமல் நின்று தொழுவிக்கும் அளவுக்கு என்னிடம் எஞ்சியிருப்பது மூன்று. பாதையில் யாராவது ‘ஹஸ்ரத்’ என்று கூப்பிட்டால் மிச்சம் ஒன்பதும் நினைவுக்கு வரும். ஒவ்வொரு வருடமும் முதலாவதாக எழுதுவதும் இதைத்தான். முதலில் விழுவதும் இதுதான்.

நமக்கு முஹர்ரம் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் ஜனவரி ஒன்று, அயலவர்களுக்குச் சித்திரை ஒன்று என்று இந்த மலைநாட்டில் மூன்று புது வருடங்கள் வருகின்றன. மூன்றிலும் தீர்மானம் எடுக்க ஆள் இருக்கிறது. ஆறாம் மாதத்தில் கணக்குப் பார்க்கத்தான் ஆளில்லை. அந்தக் காலமும் அப்படிப்பட்டதுதான். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் நாட்கணக்கில் வெயிலைக் காண முடியாது. சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டம் வெசாக்கோடு நின்றிருக்கும். நுவரெலியாவின் ஏப்ரல் கொண்டாட்டமும் முடிந்து வியாபாரம் மந்தமாகியிருக்கும். காயப்போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம். ஸுபஹுக்குக் கம்பளியை விலக்குவதே ஒரு பெரிய அமல்.

டயரியைக் கண்ட அதே வாரம் பெண்களுக்கான வகுப்பு முடிந்ததும், திரைக்கு அப்பாலிருந்து ஒரு சகோதரி பேசினார். கணவருக்குத் தோட்டப் பாதையில் சிறிய கடை. இந்த வருடம் திங்கள், வியாழன் நோன்பு பிடிப்பது, நாளொன்றுக்கு ஒரு ஜுஸ்உ ஓதுவது என்று உறுதி எடுத்திருக்கிறார். பெப்ரவரியில் மாமி பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார். இரவில் இரண்டு மூன்று தடவை எழும்பிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், கழுவ வேண்டும், கரண்டியால் ஊட்ட வேண்டும். முதலில் நோன்பு நின்றது. பிறகு ஓதல் பாதியானது. பிறகு அதுவும் நின்றது.

“இனி எனக்கு அரைப் பேர்தானே விழும், ஹஸ்ரத்?” என்று கேட்டார். “குர்ஆனைக் கையில் எடுக்கவே வெட்கமாக இருக்கு.”

தோட்டப் பக்கம் வாழாத வாசகர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புவார்கள். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று ஓர் அளவு உண்டு. 18, 20 என்று அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அந்த அளவு வந்தால் முழுப் பேர். வராவிட்டால் பல இடங்களில் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். கொழுந்து ஈரமென்றால் ஈரத்துக்கும் கூடைக்கும் என்று சில கிலோவைக் கழிப்பதும் உண்டு. அன்று மலையில் கொழுந்தே இல்லையா, அட்டை கடித்துக் கால் வீங்கியதா, பிள்ளைக் காம்பராவில் விட்டு வந்த குழந்தைக்குக் காய்ச்சலா என்பது செக்ரோலுக்குத் தெரியாது. ‘இலட்சியம்’ என்று நாம் பத்திரிகையில் அழகாக எழுதுகிறோமே, அதை வேறொருவர் நிர்ணயித்துத் தராசில் நிறுத்துப் பார்க்கிற வாழ்க்கையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தராசைத்தான் இந்தச் சகோதரி தன் ரப்பின் கையில் வைத்துப் பார்த்துவிட்டார்.

தவ்பாச் செய்யுங்கள், பிஸ்மி சொல்லி மீண்டும் தொடங்குங்கள் என்று சொன்னேன். பதிலில் பிழையில்லை. ஆனால் திரைக்கு அப்பால் சத்தமே இல்லை. வெறும் டயரியை லாச்சியில் வைத்திருக்கிற ஒருவன் சொன்ன பதில் அப்படித்தான் போய்ச் சேரும்.

சில நாள் கழித்து, பஸ் வராததால் தோட்டத்துக் குறுக்குப் பாதையால் நடந்து வந்தேன். ஒரு மலை முழுவதும் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். நேற்று வரை இடுப்பளவு பச்சை. இன்று முழங்கால் உயரத்தில் சாம்பல் நிறக் கட்டைகள். அடியில் வெட்டிய கிளைகள் காய்ந்து கிடந்தன. பாதையோரக் கல்லில் ஒரு பெரியவர் குந்தியிருந்தார். 40 வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். பேரப் பிள்ளையைக் கூட்டிப் போகப் பள்ளிக்கூடத்துக்கு வருவதால் என்னைத் தெரியும்.

“என்ன ஐயா, மையவாடி மாதிரி ஆக்கிவிட்டார்களே” என்றேன்.

“சாகாதுங்க சேர். வேர்ல சரக்கு இருந்தாத் தளிர்க்கும்” என்றார்.

அன்று அரைமணி நேரம் அவர் எனக்கு உஸ்தாதாக இருந்தார். தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். கொழுந்து எடுத்துக்கொண்டே போனாலும் சில வருடங்களில் செடி உயர்ந்து, இளங்கொழுந்து குறைந்து, தடித்த இலையாகவே நிற்கும். அதனால் உயரமான தோட்டங்களில் நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவையும், கீழ்நாட்டில் அதைவிடச் சீக்கிரமாகவும் அடியோடு வெட்டுகிறார்கள். வெட்டிய செடியில் இலையில்லை. உணவு செய்ய வழியில்லை. புதுத் தளிர் வருவதெல்லாம் வேரில் சேமித்து வைத்த மாச்சத்தைக் கொண்டுதான். ஆகவே வெட்டுவதற்கு முன் வேரைச் சோதிக்க வேண்டும். விரல் பருமன் வேரை வெட்டி அயடீன் தடவினால், மாச்சத்து இருக்கும் வேர் கருநீலமாகும். இல்லாத வேர் வெளிறி நிற்கும். எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் பிள்ளைகள் இலைக்குச் செய்கிற அதே பரிசோதனைதான். 1925இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வேலைகளில் இப்படியான விடயங்களைத் தோட்டங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் ஒன்று.

“வேர் வெளிறி இருந்தால்?”

“வெட்ட மாட்டோம். கொழுந்து எடுக்கிறத நிப்பாட்டி, ஒரு மாசம், ஒன்றரை மாசம் செடியைச் சும்மா விடுவோம். எலை முத்தி வேருக்கு எறங்கும். அதுக்குப் பொறகுதான் கத்தி.”

இன்னொன்றும் சொன்னார். வாலிபத்தில் அவர் உயரம் குறைந்த ஒரு தோட்டத்தில் இருந்தாராம். அங்கெல்லாம் வேரில் இருப்புக் குறைந்த செடியாக இருந்தால், எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஓரத்தில் ஒன்றிரண்டு கிளையை மட்டும் இலையோடு விட்டுவிடுவார்கள். ‘லங்’ கவ்வாத்து என்று பெயர். லங் என்றால் நுரையீரல். புதுத் தளிர் தலைகாட்டும் வரை அந்த ஒரு கிளை மொத்தச் செடிக்கும் மூச்சு விட்டுக் கொடுக்கும். தளிர் வந்த பிறகும் உடனே கூடையோடு போய் நிற்க முடியாது. குளிரான மலைகளில் கொழுந்து எடுக்க இரண்டு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். அதற்கு முன் கை வைத்தால் செடி பலவீனமாகிவிடும்.

பொறுமையில்லாத திட்டத்தின் விலையை நம் நாடே ஒரு தடவை கொடுத்துப் பார்த்திருக்கிறது. 2021 மே மாதத்தில், முழு நாடும் ஒரே அடியாகச் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்று இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடு போன்ற வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. சேதனப் பசளை கூடாது என்றும் நான் சொல்ல வரவில்லை. என் டயரியின் முதல் பக்கத்துக்கும் அந்த உத்தரவுக்கும் ஒரு குடும்பச் சாயல் தெரிந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து இஷாவுக்குப் பின் ஸஹீஹுல் புகாரியைப் புரட்டினேன். மத்ரஸாவில் பலமுறை பாடமாகக் கேட்ட ஹதீஸ்தான். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வாலிபர். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை, ஓர் இரவில் முழுக் குர்ஆன். செய்தி நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு எட்டியது. அழைத்துப் பேசினார்கள். உடம்புக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உம்மீது உரிமை இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார்கள். மாதத்தில் மூன்று நோன்பு போதும் என்றார்கள். இவரோ என்னால் அதற்கு மேலும் முடியும் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற தாவூத் (அலை) அவர்களின் நோன்பில் வந்து நின்றார். ஓதலையும் அப்படித்தான் கேட்டுக் கேட்டுக் கூட்டிக்கொண்டார். மிம்பரில் நாம் சொல்வது பெரும்பாலும் இதுவரைதான்.

இதற்குப் பிந்திய பகுதிதான் அன்று என்னை நிறுத்தியது. அவருக்கு வயதாகிறது. உடம்பு தளர்கிறது. நபியவர்கள் தந்த சலுகையை அன்றே ஏற்றிருக்கக் கூடாதா என்று வருந்துகிறார். ஆனால் விட்டுவிடவில்லை. இரவில் ஓத வேண்டிய பங்கைப் பகலிலேயே வீட்டாரில் ஒருவரிடம் ஓதிக் காட்டிக்கொள்வார், இரவு இலேசாகும் என்பதற்காக. நோன்பில் களைத்துப்போனால் சில நாள் நோன்பை விட்டுத் தெம்பு எடுத்துக்கொள்வார். விட்ட நாட்களை எண்ணி வைத்துக்கொள்வார். பிறகு அத்தனை நாளும் நோன்பு பிடித்துவிடுவார். நபியவர்களைப் பிரிந்தபோது எந்த நிலையில் இருந்தாரோ அதில் எதையும் கைவிட அவருக்கு மனமில்லை.

ஸஹாபி ஒருவருக்கும் களைப்பு வந்தது. அவர் அதை மறைக்கவில்லை, அதற்காக முனாபிக் என்று தன்னைத் திட்டிக்கொண்டு மூலையில் உட்காரவுமில்லை. எண்ணி வைத்தார். ஒவ்வோர் அமலுக்கும் ஒரு வேகம் உண்டு, ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு தளர்ச்சி உண்டு, அந்தத் தளர்ச்சியிலும் என் வழிமுறைக்குள் இருப்பவர் நேர்வழியில் இருக்கிறார் என்ற கருத்துடைய நபிமொழியும் இதே அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் வழியாகவே முஸ்னத் அஹ்மதில் வந்திருக்கிறது.

அடுத்த வார வகுப்பில் அந்தச் சகோதரியின் கேள்வியை நானே மீண்டும் எடுத்தேன். ஓர் அடியான் நோயுற்றாலோ பிரயாணம் போனாலோ, சுகமாக ஊரில் இருந்தபோது என்ன அமல் செய்து வந்தானோ அது அப்படியே அவனுக்கு எழுதப்படுகிறது என்ற கருத்தில் அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உண்டு. “உங்கள் மாமி நல்ல நாளில் தொழுத ஸுன்னத்துக்களுக்கெல்லாம் இன்றும் முழுப் பேர் விழுகிறது. இந்தச் செக்ரோல் வேறு. நோயில் கிடக்கிற ஒருவரை இரவில் எழும்பிப் புரட்டிப் படுக்க வைப்பதை, உங்கள் அமலைக் குழப்ப வந்த இடைஞ்சலாக நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். அதுவே இப்போது உங்களுக்குத் தரப்பட்டிருக்கிற மலை” என்றேன்.

நோன்பை என்ன செய்வது என்று கேட்டார். நேர்ச்சை வைத்தீர்களா, மனதில் உறுதி மட்டும் எடுத்தீர்களா என்று விசாரித்தேன். நேர்ச்சையென்றால் சட்டம் வேறு. அதை இலேசாக விட முடியாது. உறுதிதான் என்றார். அப்படியானால் மாமிக்கு ஆறுதல் வரும் வரை நோன்பு இருக்கட்டும், ஒரு ஜுஸ்உவும் இருக்கட்டும்; படுக்கப் போகுமுன் சூரத்துல் பகராவின் கடைசி இரண்டு ஆயத்தை மட்டும் விடாதீர்கள், மாமியின் கட்டில் ஓரத்தில் இருந்தே ஓதுங்கள், அவருக்கும் கேட்கட்டும் என்றேன். கவ்வாத்துக் கதையையும் சொன்னேன். திரைக்கு அப்பால் யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது. அவர்தானா என்று தெரியாது.

ஆனால் நான் நோயாளியுமில்லை, பிரயாணியுமில்லை. இதை எழுதும்போது என் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஹதீஸ், செய்து கொண்டிருந்தது எழுதப்படும் என்கிறது. செய்யாமலே இருந்தவனுக்கு எதை எழுதுவது?

வேரைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மறந்த ஒன்பது ஜுஸ்உவும் எனக்கு எதற்குத் திரும்ப வேண்டும்? கேள்வியைக் கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் நிறம் தெரிந்துவிட்டது. பாதி, ‘ஹஸ்ரத்’ என்ற பெயருக்குப் பங்கம் வரக்கூடாது என்பதற்காக. தராவீஹில் ஒரு சிறு பையன் எனக்குத் திருத்திச் சொல்லும் நிலை வந்துவிடுமோ என்ற பயத்துக்காக. வெளிறிய வேர்! இதை வைத்துக்கொண்டா 11 கிளைகளைத் தளிர்க்கச் சொன்னேன்? இரண்டு வாரம் எதையும் தொடங்கவில்லை. பர்ளுகளோடும் வழக்கமான ஓதலோடும் சும்மா இருந்தேன். நேரத்துக்குத் தூங்கினேன். வாலிபத்தில் எனக்குப் பாடம் கேட்ட உஸ்தாதை நினைத்து துஆச் செய்தேன். அவர் கிண்ணத்தில் விட்டுத் தரும் கஞ்சியும், ஆயத்து சரியாக வந்தால் தலையை ஆட்டும் விதமும் நினைவுக்கு வந்தன. அந்த வயதில் யாருக்குப் பயந்து ஓதினேன்? ஓதுவது பிடித்திருந்தது, ஓதினேன்.

பிறகு பேனையை எடுத்து ஒன்பதை வெட்டினேன். எஞ்சியது இரண்டு. ஒன்று தம்பியின் கடன். அது அடியானின் ஹக்கு. அதை வெட்ட எனக்கு அதிகாரமில்லை. தம்பிக்குப் போன் பண்ணி, பாதியை ஒரேயடியாகத் தருவேன் என்று சொன்னதை மறந்துவிடு, மாதாமாதம் சிறு தொகை அனுப்புகிறேன் என்றேன். “அதை நீங்க எப்பவோ சொல்லியிருக்கலாம் நானா” என்றான். (சீனியும் வெட்டுப்பட்டது. ஆகவே தேத்தண்ணீர் இனிப்பாகவே தொடர்கிறது.)

மற்றது குர்ஆன். நாளொன்றுக்கு அரைப் பக்கம். ஒரு ஜுஸ்உவுக்கு 20 பக்கம் என்றால் ஒன்பதுக்கு 180 பக்கம். அரைப் பக்கமாகப் போனால் 360 நாள். ஹிஜ்ரி வருடத்துக்கு இருப்பதே 354 நாள். ஆக, ஒரு நாளும் தவறாமல் ஓதினாலும் ஒரு வருடத்தில் முடியாது. கணக்கைப் பார்த்ததும் ஏனோ ஓர் ஆறுதல்தான் வந்தது.

மஃரிபுக்குப் பின் 13 வயது மகள் முஸ்ஹபைப் பிடித்துக்கொண்டு இருப்பாள், நான் ஓதுவேன். பிழைத்தால் விரலால் மேசையில் தட்டுவாள். முதல் கிழமை தட்டித் தட்டியே அவளுக்கு விரல் வலித்திருக்கும். வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது குறைந்திருக்கிறது, தட்டலும் வெட்கமும். வெறும் பக்கங்களாகக் கிடந்த அந்த டயரியிலேயே அடையாளம் போடும் பொறுப்பும் அவளிடம்தான்.

போன வாரம் தவணைப் பரீட்சைத் தாள்கள் வந்து குவிந்தன. மேலே தடிமல், காய்ச்சல். மூன்று நாள் ஓதவில்லை. நாலாம் நாள் மஃரிபுக்குப் பின் டயரியோடு வந்து நின்றாள்.

“வாப்பா, இந்த மூணு நாளைக்கும் என்ன போட?”

“ஒன்றும் போடாதே. எண்ணி மட்டும் வை.”

பக்கத்தின் மூலையில் சிறிதாக 3 என்று எழுதினாள். பிறகு முஸ்ஹபைத் திறந்து, “ஆல இம்ரான், ரெண்டாம் பக்கத்து நடுவில நின்டீங்க” என்றாள்.